அக்காவின் நிறம்

தட்டை நீட்டினாள். அவன் காபியை எடுக்கவில்லை.

முகம் வெளுத்திருந்தது. கழுத்து மாநிறம். தாடைக்குக் கீழே, இரண்டும் சேருமிடத்தில், ஒரு கோடு.

அந்தக் கோடு அவனுக்குத் தெரியும். மனைவியின் தாடையில் அதன்மேல் முத்தமிட்டிருக்கிறான்.

அதே வாசனை. ரோஜா. அதற்கடியில் துருப்பிடித்த தகரம்போல் ஏதோ ஒன்று.



வினோதினி இறந்து எட்டு மாதம். குழந்தைக்குத் தாய் வேண்டும், அது அவள் தங்கை சுபாஷினியாகவே இருக்கட்டும் என்று மாமியார் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். இன்று பெண் பார்க்கும் சம்பிரதாயம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தான்.

"அச்சு அசல் வினோதினியே எந்திரிச்சு வந்து நிக்கிற மாதிரி இல்ல?" என்றார் பெண்ணின் தாய்மாமன். வாய் நிறைய முறுக்கு.

மாமியாருக்குப் பெருமை. "அக்கா போட்ட கிரீம்தான் மாப்பிள்ளை. உங்களுக்குப் பழகின முகமா இருக்கட்டுமேன்னு நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

லேபிள் இல்லாத பச்சை டப்பா. எந்த பேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும்.

அதில் பாதரசம் இருக்கிறது, அதுதான் வினோதினியின் சிறுநீரகத்தைத் தின்றது என்று டாக்டர் சொன்னதை இதே கூடத்தில் அவன் சொல்லியிருக்கிறான். தெருவே போடுகிறது, அவள் ஆயுசு அவ்வளவுதான் என்றார் மாமியார்.

பிணத்தைக் குளிப்பாட்டிய பெண்கள்கூட நிறத்தைத்தான் மெச்சினார்கள்.

சுபாஷினி நிமிர்ந்து பார்த்தாள்.

இமைகள் வீங்கியிருந்தன. அக்காவுக்கும் முதலில் அங்கேதான் வீங்கியது.

"முகத்தக் கழுவிட்டு வா" என்றான்.

மாமியார் சிரித்தார்.

"சோதிச்சுப் பாக்குறீங்களா? கழுவினாலும் போகாது மாப்பிள்ளை. மூணு மாசமாப் போடுறா. உள்ள எறங்கிடுச்சு."

அவன் எழுந்தான்.

"கார் வெளியதான் நிக்குது. இவள இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

தாய்மாமன் தொடையைத் தட்டினார். "நாள் பாக்க வேணாமா? மாப்பிள்ளைக்கு அவசரத்தப் பாரு!"

கூடமே சிரித்தது. சுபாஷினி வெட்கப்பட்டுத் தலை குனிந்தாள்.

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டான்.

ஆஸ்பத்திரி லேப் ஆறு மணிக்கு மூடிவிடும்.