மூன்றடிக்குக் கீழே

குழந்தை நஜ்மாவின் இடுப்பிலிருந்து ரேணுகாவின் இடுப்புக்கு ஏழாவது முறையாக மாறியது.

"இந்த வாட்டி நீங்க போங்கக்கா. நான் வச்சிகினு இருக்கேன்" என்றாள் நஜ்மா.

"நீ போம்மா. இந்த வயசுல போவாம எப்ப போவே?" என்று ரேணுகா அவளை ரோலர் கோஸ்டர் பக்கம் தள்ளிவிட்டாள்.

நஜ்மாவிடம் போனால் குழந்தை இரண்டு நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கும். ரேணுகாவின் தோளில் மட்டும்தான் அடங்கும். அதனால் காலையிலிருந்து மற்ற மூன்று பேரும் மாறி மாறி ஏறி இறங்க, ரேணுகா கேட்டுக்கு எதிரே இருந்த பெஞ்சை விட்டு நகரவில்லை.

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கணவன் ஜெகதீசன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரமாவது கத்த வேண்டும் என்று மறைமலைநகரில் பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தாள். இப்போது மணி நாலு. கம்பெனி பஸ் ஐந்துக்குக் கிளம்பிவிடும்.

ஜெகதீசனும் நஜ்மாவின் கணவன் தௌசிஃபும் ஒரே கம்பெனி, ஒரே மெஷின். ஒருவர் ஏ ஷிப்ட், மற்றவர் பி ஷிப்ட். எட்டு வருடமாக ஒருவர் எழுந்த ஸ்டூலில் மற்றவர் உட்காருகிறார். "பெல்ட்டு இழுக்குது, பாத்துக்க" என்பதற்கு மேல் பேச நேரம் இருந்ததில்லை. எல்லா ஷிப்டையும் நிறுத்திக் கம்பெனி எல்லாரையும் குடும்பத்தோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்து வந்தது இந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

காலையில் அந்தப் பெஞ்சில்தான் இரண்டு ஜோடியும் முதன்முதலாக அறிமுகமாகிக்கொண்டார்கள். குழந்தை நடுவில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. மூன்றடிக்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையின் அடியில் நின்ற கேட் ஊழியர் கன்னியம்மா அவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"கொயந்தையோட கீறவங்க க்யூல நிக்க வாணாம்க்கா. பாதிப் பேரு ஏறுங்க, மீதிப் பேரு அத்த வச்சிகினு இங்கயே குந்துங்க. அப்பால மாத்திக்கங்க. சைடு கேட்டுல நான் வுடறேன்."

வெயிலில் இருநூறு பேர் நிற்க, இவர்கள் மட்டும் பக்கவாட்டு வழியாகப் போய்ப் போய் வந்தார்கள்.

"அண்ணாத்த முயு ரவுண்டும் கண்ணயே தொறக்கலக்கா" என்று இறங்கி வந்த தௌசிஃப் சிரித்தான்.

"வெயிலு கூசிச்சிப்பா" என்றார் ஜெகதீசன், கம்பியைப் பிடித்து நின்றபடி.

தௌசிஃப் குழந்தைக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கி நீட்டினான். கேட்டிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

"ஐஸு வாணாம் அண்ணாத்த. சளி புடிச்சிக்கும்."

"டாக்டரு கூட இவ்ளோ அக்கறையா சொல்ல மாட்டாரு" என்று ஜெகதீசன் அதை வாங்கித் தானே தின்றார்.

நாலரை மணிக்குக் கன்னியம்மா பெஞ்சருகே வந்தாள். விசில் கழுத்தில் தொங்கியது.

"இன்னாக்கா, காலையிலேர்ந்து குந்திகினே கீற. எனக்கு ஷிப்டு முடிஞ்சிது, அடுத்த ஆளு வந்துட்டாரு. நாலு பேருமா ஒரு ரவுண்டு போங்க. இத்த நான் பாத்துக்கறேன்."

ரேணுகா நஜ்மாவைப் பார்த்தாள். நஜ்மா ரேணுகாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். தோளில் தூங்கிவிட்டிருந்த குழந்தையைக் கன்னியம்மா அலுங்காமல் வாங்கிக்கொண்டாள்.

பெட்டி கடகடவென்று ஏறியது. உச்சியில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் முழுசாகத் தெரிந்தது. ரேணுகா இரண்டு கையையும் தூக்கினாள்.

அதற்குப் பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கொண்டை அவிழ்ந்தது. ஒரு செருப்பு பறந்தது. ஜெகதீசன் சூப்பர்வைசர் பெயரைச் சொல்லி, "லீவு குடுங்க சார்" என்று கத்தினார். ரேணுகாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

இறங்கியும் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் தள்ளாடியபடி நான்கு பேரும் பெஞ்சுக்கு வந்தார்கள்.

பெஞ்ச் காலியாக இருந்தது.

தூரத்தில், யூனிபாரத்தை மாற்றிக்கொண்டு, தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாகக் கன்னியம்மா வெளிவாசலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

"நஜ்மா, உம் புள்ளைய தூக்கிகினு போறாம்மா" என்று ரேணுகா அலறினாள்.

"எம் புள்ளயா? எங்களுக்குக் கல்யாணமாயி மூணு மாசந்தான்க்கா ஆவுது. அது உங்க புள்ள இல்லியா?"

"எம் பையன் காலேஜ் படிக்கிறான்."

நான்கு பேரும் ஓடினார்கள். தலை சுற்றியதில் ஜெகதீசன் ஐஸ் வண்டியில் மோதினார். ஒற்றைச் செருப்போடு ஓடிய ரேணுகாதான் முதலில் போய் வழியை மறித்தாள்.

"நில்லும்மா. யாரு புள்ளைய எங்க தூக்கிகினு போற?"

இடுப்பில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மாவின் விசில் அதன் வாயில் இருந்தது. ரேணுகாவைப் பார்த்ததும் அது ஒரு தரம் ஊதியது.

கன்னியம்மா அக்கம்பக்கம் மேனேஜர் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எம் புள்ளதான்க்கா, இன்னிக்கி பால்வாடி லீவு."