ஆமை ஓட்டில் ஒரு முகம்

2025 ஜூன் ஐந்தாம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த மறுமாதம், திருகோணமலை உட்துறைமுக வீதியில் கழிவுக் காகிதச் சிற்பப் போட்டி நடந்தது. நடுவர்கள் வருவதற்குச் சற்று முன், ஜதுர்சன் செய்திருந்த கடலாமையின் எதிரில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆமையின் ஓடு முழுக்க ஒரே ஆணின் சிரித்த முகம்.

"தம்பி, இந்தப் படங்களைக் கழட்டித் தாங்கோ."

"ஏலாது அன்ரி. பிறகு நான் பரிசை மறக்கவேண்டியதுதான். நீங்கள் என்ன, அவற்ற கட்சியோ?"

"என்ன கட்சி?"

"தோத்த ஆளின்ர தேர்தல் நோட்டீஸ்தானே? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுக்கி, வட்டமாய் வெட்டித் தந்தவை. பாலையூற்றுச் சந்திக் குப்பைத்தொட்டியில, கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்ததாம்."

அவள் ஒரு முகத்தைத் தொட்டாள்.

"இவர் என்ர மனுசன். செத்து முப்பத்தோராம் நாளுக்கு அடிச்ச நினைவு மலர் இது. சொந்தக்காரருக்குக் குடுக்கச் சொல்லி இவற்ற தம்பியிட்டக் குடுத்தனான். எல்லாருக்கும் குடுத்தாச்சு எண்டவர்."

ஜதுர்சன் படங்களை உரிக்கத் தொடங்கினான். பசை இறுகிக் காய்ந்திருந்ததால் ஒரு முகமும் முழுதாக வரவில்லை.

பரிசு ஒரு காகித யானைக்குப் போனது.