ஒன்பது நாகமுத்து

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். துக்கத்தை அளக்க நாகமுத்து என்பவர் கண்டுபிடித்த அளவுகோலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்ட காலம் அது. சாவு வீட்டில் அந்தக் கருவி யாருக்கு அதிக நாகமுத்து காட்டுகிறதோ, அவருக்கே முதல் வாய்க்கரிசி.

படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் குளிப்பாட்டி, சோறூட்டிய செண்பகவல்லிக்கு, அம்மா செத்த அன்று கருவி நான்கு காட்டியது. காலையில்தான் விமானத்தில் வந்திறங்கிய தங்கை பூங்கொடிக்கு ஒன்பது! செண்பகவல்லிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வருசத்துக்கு ஒருவாட்டி எட்டிப் பாத்தவளுக்கு ஒம்பதாடி?"

"நீ தெனம் அழுது தீத்துட்டக்கா. எனக்கு இன்னைக்குத்தான் ஆரம்பம். நீயே மொதல்ல போடு," என்று பூங்கொடி அரிசியை அள்ளிக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்ட செண்பகவல்லியின் கண் மட்டும் அந்த ஒன்பதை விட்டு நகரவில்லை.

உங்கள் வீட்டுக் கூடப்பிறப்புகள் ஒட்டி உறவாடி நல்லா இருக்கட்டும், கண்ணுகளா.