மணலில் ஒரு கூடை நெத்திலி

“இன்னிக்கும் மணல்லதான் காயப்போட்டிருக்கா, போய்ப் பாரு” என்று மூட்டிவிட்டுப் போனாள் குழுவில் இருக்கும் சகாயசெல்வி.

அமராவதிக்குச் சுருக்கென்று ஏறியது. கருவாட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. நாயாய் அலைந்து குப்பத்துக்கு சோலார் கூடாரம் கொண்டுவந்தவள். மேலே கண்ணாடி மாதிரி ஷீட்டு, உள்ளே அடுக்கடுக்காய்த் தட்டு, வெயிலில் ஓடும் ஃபேன். ஈ நுழையாது, மணல் ஒட்டாது. மழையில் கழுவெளிச் சதுப்பில் தண்ணீர் ஏறி, ரோடு முழுகி, குப்பம் தீவாய் நிற்கும் நாளில்கூட வெயில் லேசாய்த் தலைகாட்டினால் போதும், மீன் அதுபாட்டுக்குக் காயும்.

மத்தியானம் புதுச்சேரியிலிருந்து கடைக்காரம்மா வருகிறாள். மணல் இல்லாத கருவாடாய் இருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஆர்டரை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இந்தத் தையல்நாயகி மட்டும், மற்றதைக் கூடாரத்தில் வைத்துவிட்டு, ஒரு கூடை நெத்திலியைக் கரையில் பழைய வலைமேல் கொட்டிப் பரப்புகிறாள். கேட்டால், மணல்ல காஞ்சாத்தான் ருசி என்பாள். பக்கத்தில் குடையும் குச்சியுமாகப் பாவாடையண்ணன் உட்கார்ந்து காக்கா ஓட்டிக்கொண்டிருப்பார்.

அமராவதி போன வேகத்தில் ஆரம்பித்தாள். “ஏண்டி, கடைக்காரம்மா கண்ணுல இது பட்டா ஆர்டரு என்னாவறது? உன் ஒருத்தி ருசிக்கு எல்லாரு வாயிலயும் மண்ணா?”

தையல்நாயகி அவளைக் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

“கத்தாதக்கா. இதை மூட்டையில சேக்கறதே இல்ல. வீட்டுக் குழம்புக்குத்தான். எங்க வீட்டு ஆளு தினம் மண்ணை நறநறன்னு கடிச்சிக்கிட்டு என்னைத் திட்டுது.”

“அப்புறம் எதுக்குடி இந்த வேலை?”

“கூடாரத்துக்குள்ள காக்கா வராதேக்கா. போட்டுல விழுந்து கால் ஒடைஞ்சதுலேர்ந்து பாவாடையண்ணனுக்கு அந்த வேலைதானே? காக்கா ஓட்டி, கூடைக்கு ஒரு கைக் கருவாடுன்னு வாங்கித்தானே சாப்புட்டுச்சு? சும்மா குடுத்தா வாங்குமா அது?”

கூடாரம் வந்த அன்றைக்குத் தேங்காய் உடைத்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். பாவாடையும் வரிசையில் நின்று ஒன்று வாங்கிக்கொண்டார். அவர் பிழைப்பு போகிறது என்று அமராவதிக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

நேரே பாவாடையிடம் போனாள். உப்புக்காற்றில் ஷீட்டு மங்கிப்போகிறது, தினமும் துடைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும், நீதாண்ணா வரணும் என்று பக்குவமாய் எடுத்துச் சொன்னாள்.

பாவாடை குடையைச் சாய்த்து, தையல்நாயகி தூரத்தில்தான் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“உப்பளத்துல வாட்ச்மேனா வான்னு போன மாசமே கூப்டாங்கம்மா. அதையே வேணாம்னுட்டேன். எல்லாரும் கூடாரத்துக்குப் போயாச்சு, இது ஒண்ணுதான் ருசி ருசின்னு மணலைக் கட்டிக்கிட்டு அழுவுது. நானும் போயிட்டா இந்தப் பிடிவாதக்காரிக்கு யாரு காக்கா ஓட்டுவாங்க?”

அமராவதி இவரைப் பார்த்தாள். அங்கே தட்டு அடுக்கிக்கொண்டிருந்த அவளையும் பார்த்தாள். வலை ஓரத்தில் குவிந்திருந்த நெத்திலியைத் தன் கையாலேயே பரப்பிவிட்டு நடந்தாள்.

கார் வந்தது. கடைக்காரம்மா கூடாரத்துக்குள் நெத்திலியை அள்ளி உள்ளங்கையில் உதறிப் பார்த்தாள். ஒரு பொட்டு மணல் இல்லை. முகம் மலர்ந்தது. வெளியே வந்து கரைப் பக்கம் திரும்பியதும் அதே முகம் சுருங்கியது.

“அங்க மணல்ல கெடக்குதே, அதுவும் எனக்கு வர்ற மூட்டையில சேருமா?”

“இல்லீங்க” என்றாள் அமராவதி. “அது மட்டும் என்ன வெலை குடுத்தாலும் விக்கிறதுக்கு இல்ல.”