கடை கொடுத்த கன்னம்

நகைக்கடை வேலையை விட்டால் சீருடையோடு கன்னத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேர்ந்த அன்று பருத்தழும்புகளை நீக்கி, கடை தன் செலவில் போட்டுவிட்ட வழவழப்பு அது. கடை மாடியிலிருந்த கிளினிக்கில் தழும்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்த சங்கவிக்கு, கண்ணாடியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க டாக்டர்? எனக்குப் பருக்குழி இருந்தது இடது கன்னத்துல!"

டாக்டர் திரையைக் காட்டினார். சேரும்போது அவள் கொடுத்த செல்ஃபி. "இதுல வலது பக்கம்தானே இருக்கு? செல்ஃபி இடவலமா மாறியிருக்கும். எந்தப் பக்கம் இருந்தா என்னம்மா? எண்ணிக்கை சரியா இருக்கு."

"பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின நாள் நானே கிள்ளிக் கெடுத்தது அது. பத்து வருஷம் கையால மறைச்சுக்கிட்டுத் திரிஞ்ச கன்னம். இப்ப யாரோ ஒருத்தி மூஞ்சிய மாட்டி அனுப்புறீங்களா?"

"சரிபண்ணணும்னா மறுபடி வேலைல சேரணும். வெளியாளுங்களுக்கு நாங்க பாக்குறதில்ல."

சங்கவி பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க எப்ப வேலைய விடுறீங்க டாக்டர்? அன்னைக்கு வந்து பாக்குறேன்."

டாக்டரின் கை அவரையறியாமல் தன் வழவழப்பான கன்னத்தைப் பொத்திக்கொண்டது.