நிற்க வைத்து அச்சிட்டவை

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. கோவை, ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகவியல் ஆய்வகம். முற்பகல் 11.20 மணிக்கு, இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தில் பன்னிரண்டாவது டைட்டானியத் துண்டு 690 மெகாபாஸ்கல் இழுப்பில் முறிந்தது. தாங்க வேண்டியது 895.

உதவிப் பேராசிரியரான அவள் இரண்டு பாதிகளையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

முறிந்த முகத்தில் மணல் போலப் பொடி. லேசர் அதை உருக்கவே இல்லை.

பொடியை உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காக அச்சிட்ட துண்டுகள் அவை. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டும் அப்படித்தான் வரப்போகிறது. படுக்க வைத்து அச்சிட்ட பன்னிரண்டும் தாங்கின. நிற்க வைத்து அச்சிட்ட பன்னிரண்டும் அடுக்கு அடுக்காகப் பிய்ந்தன.

சோதனைக்குக் கொடுத்த நிறுவனம் தண்டுகளை நிற்க வைத்துத்தான் அச்சிடும். அப்போதுதான் ஒரு தட்டில் நாற்பது தண்டுகள் கொள்ளும். படுக்க வைத்தால் பதினொன்று.

"நிக்கறது ஒண்ணுகூடத் தேறலீங்களா மேடம்?" என்றார் ஆய்வக உதவியாளர் ரோஸ்லின்.

"ஒண்ணுகூட இல்ல."

மூன்று மணிக்குத் துறைத்தலைவர் நாச்சிமுத்து அழைத்தார். அறிக்கை அவர் மேசையில் தயாராக இருந்தது. அட்டவணையில் பன்னிரண்டு எண்கள். எல்லாம் படுத்தவை.

"இன்னும் பன்னெண்டு இருக்குதுங்க சார்."

"அது மெஷின் கோளாறுன்னு வெச்சுக்கலாம் அம்மிணி. ஒடஞ்சதையெல்லாம் எழுதறதுக்கு இது ரிப்போர்ட்டா, ஒப்பாரியா?" சிரித்தார். "வெள்ளிக்கிழம உங்களுக்கு இன்டர்வியூ. கமிட்டில நானும் இருக்கறேன். பாத்துச் செய்யுங்க."

இணைப் பேராசிரியர் பதவி. பதினொரு ஆண்டுக் காத்திருப்பு.

அந்தப் பதினொரு ஆண்டுகளில் அவள் பதினேழு கட்டுரைகள் எழுதியிருந்தாள். பதினேழிலும் முதல் பெயர் அவருடையது. துறையின் வழக்கம் அது. அவர் எதையும் படித்ததில்லை. தன் இனிஷியல் சரியா என்று மட்டும் பார்ப்பார்.

அவள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

சோதித்தவர்: அவள் பெயர்.

சரிபார்த்தவர்: அவள் பெயர்.

பொறுப்பாளர்: அவள் பெயர்.

அவர் பெயர் எங்கும் இல்லை.



"உங்க பேரு விட்டுப்போச்சுங்க சார்."

அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது உங்க உழைப்பு அம்மிணி. நா எதுக்கு நடுவுல?"

அவள் உட்காரவில்லை. அவருடைய பேனாவையே எடுத்தாள். அட்டவணைக்குக் கீழே பன்னிரண்டு எண்களை எழுதினாள். 655. 702. 671. அடியில் இருந்த தாளிலும் தடம் விழுந்தது. கடைசியாக 690. அதற்கும் கீழே ஒரு வரி: நிற்க வைத்து அச்சிடத் தகுதியற்றது.

மூன்று இடத்திலும் கையெழுத்திட்டாள். அங்கேயே படம் எடுத்தாள். கைபேசியில் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைத் தேடினாள்.

"என்ன பண்றீங்க?"

"என் உழைப்புங்க சார். அனுப்பறேன்."

அவர் எழுந்தபோது மின்னஞ்சல் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நேர்காணல் நான்கு நிமிடம் நடந்தது. கேள்வி ஏதும் உண்டா என்று குழு நாச்சிமுத்துவைக் கேட்டது. இல்லை என்றார். பதவி, நான்கே கட்டுரைகள் எழுதிய வேறொருவருக்குப் போனது.

நிறுவனம் செப்டம்பரில் வேறோர் ஆய்வகத்தை நாடியது. பன்னிரண்டு துண்டுகள் சோதிக்கப்பட்டன. பன்னிரண்டும் படுக்க வைத்து அச்சிட்டவை. அறிக்கையில் தேர்ச்சி என்று இருந்தது.

ஜனவரியில், தட்டுக்கு நாற்பதாக அச்சிட்ட தண்டு விற்பனைக்கு வந்தது.