அவர் நம்பர்

அவர் குளிக்கப் போய்விட்டார். போன் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது.

அவள் ஃபிரிட்ஜின் மேற்புறத்தைத் துடைத்தாள்.

ஏற்கெனவே துடைத்ததுதான். வாங்கிய புதிதில்கூட அது இப்படி மின்னியதில்லை.

இன்று காலை லேபிலிருந்து கூப்பிடுவார்கள்.

கூப்பிடப் போவது அவளை. அடிக்கப் போவது அவர் போன்.

எந்தக் கவுண்டரில் நம்பர் கேட்டாலும் அவளுக்கு வருவது அவர் நம்பர்தான். கேஸ், ரேஷன், பிள்ளையின் பள்ளிக்கூடம், புடவைக் கடைக் குலுக்கல். தன் நம்பரைச் சொல்ல வேண்டுமென்றால் போனைத் திறந்து பார்க்க வேண்டும். அன்று லேபிலும் அப்படியே ஆனது. மேடையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, கணீரென்று சொன்னாள்.

யாருக்குத் தெரியக் கூடாது என்று பஸ் மாறிப் போனாளோ, அவருடைய நம்பரை.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்த பிறகுதான் உறைத்தது. லேபுக்குப் போன் பண்ணி மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு, "சிஸ்டத்துல ஏறிடுச்சு மேடம். மெசேஜ்கூடப் போயிடுச்சே," என்றார்கள்.

அவர் சட்டை மாற்றுகிற நேரத்தில் அவர் போனில் தேடினாள். மெசேஜ் எதுவும் இல்லை. தன் அதிர்ஷ்டத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கர்ப்பப்பை வாயில் சில செல்கள் சரியில்லை. முகாமில் எடுத்த சோதனையில் தெரிந்தது. "கேன்சர் இல்லம்மா," என்றார் டாக்டர். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு வளரும். அவள் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்ல இப்போது ஒரு ஜீன் டெஸ்ட் இருக்கிறதாம்.

ஓரளவு.

இரண்டு வாரமாக அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது என்ன முடிவெடுத்திருக்கிறது என்று தெரியாது. ஒரே உடம்பில் குடியிருந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்குகிற ஆளா அவர்? அவளுக்குச் சிக்குன்குனியா வந்தபோது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியது அவருக்கு.

நல்லதாக வந்தால் சொல்லவே வேண்டாம்.

இல்லையென்றால்.

தோசைக்கல்லைத் துடைத்தாள். கேஸ் குழாயைத் துடைத்தாள்.

போன் அடித்தது.

துணியைப் போட்டுவிட்டு எட்டி எடுத்தாள். திரையில், 'மாடி ஏற மாட்டார்'.

சிலிண்டர் போடுகிறவர்.

"கீழயே வச்சிட்டுப் போங்கண்ணே," என்று வைத்தாள். துணியை மறுபடி எடுத்தாள்.

அவர் யாரையும் சொந்தப் பெயரில் பதிந்துவைப்பதில்லை. பிளம்பர், 'கிளம்பிட்டேன் சார்'. மேனேஜர், 'லீவா?'. அவள் தம்பி, 'ஒரு சின்ன உதவி'. அவள், 'எங்க இருக்கீங்க'. இந்தக் கோமாளித்தனத்துக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். சண்டைகளில் பாதியும் அதற்காகத்தான்.

நல்லவேளை, லேபுக்குப் பெயர் இருக்காது. வெறும் எண் வந்தால் பாய்ந்துவிட வேண்டியது.

அவர் வெளியே வருவதற்குள் வர வேண்டும்.

குளியலறைக்குள்ளும் போனைக் கொண்டுபோகிற மனிதர். இன்று வைத்துவிட்டுப் போனார்.

"எடுத்துட்டுப் போகலையா?" கேட்டிருக்கவே வேண்டாம்.

"சார்ஜ் இல்ல."

இப்போது பார்த்தால் தொண்ணூற்றெட்டு சதவீதம். பிள்ளையாரின் வேலை என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரமாக ராத்திரிப் பாத்திரங்களையும் அவரே கழுவுகிறார். ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார். இது முடியட்டும், அதை அப்புறம் விசாரிக்கலாம் என்று ஒத்திவைத்திருக்கிறாள்.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பாட்டு இல்லை. பாடாமல் அவர் குளித்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கெஞ்சியும் நிறுத்தியதில்லை.

அடுப்பைப் பற்றவைத்தாள். அணைத்தாள். கல்லில் ஒன்றும் இல்லை.

போன் அடித்தது.

பெயர்தான் வந்தது. சே, என்று கையை இழுத்துக்கொண்டாள். அடித்து ஓயட்டும்.

ஓயவில்லை.

பெயருக்குக் கீழே எண் இருந்தது. லேப் ரசீதில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான எண். தன் நம்பரே நிற்காத மண்டையில் அது மட்டும் நின்றிருந்தது.

மறுபடி மேலே பார்த்தாள். அவர் வைத்திருந்த பெயரை, முதல் எழுத்திலிருந்து மெதுவாக.

'அவளே சொல்லுவா'.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

குவளை வைக்கிற சத்தம்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் கதவுக்குப் பின்னால் நிற்பது வெளியே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

போனை எடுத்து, ஹலோ சொல்லிக்கொண்டே அந்தக் கதவுவரை நடந்தாள்.

"வணக்கம் மேடம். உங்க ரிப்போர்ட் விஷயமா..."

"ஒரு நிமிஷம் இரும்மா."

ஸ்பீக்கரைப் போட்டாள். கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு."